மூன்றாவது வலது கால்

"நாலு மணிக்கு விசாரணை. என்னை வேலையைவிட்டுத் தூக்கிடுவாங்க" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி ஆய்வகக்காரி சொன்னபோது மணி பதினொன்று. அருங்காட்சியகத்தின் சிலந்திப் பிரிவில் பத்தொன்பது வருடம் யாரிடமும் ஒரு பேச்சு வாங்காமல் வேலை பார்த்தவள். மூன்று நாளாக அவளுக்குத் தூக்கமில்லை.

எதிரே இருந்த துப்பறியும் அம்மாள் தீப்பிடித்த கிடங்குகளைத் துருவிப் பார்த்தே தலை நரைத்தவர். எதற்கும் பதற மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறத்தான் பக்கத்திலேயே நாத்தனார் இருந்தாளே! அவளை எல்லோரும் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். திரி கிள்ளவே வேண்டாம், தானாக வெடிப்பாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அம்மாள்.

"ஒவ்வொரு சிலந்தி இனத்துக்கும் டி.என்.ஏ.வுல ஒரு சின்னத் துண்டு தனியா இருக்கும். கடைச் சாமான்ல கோடு கோடா அச்சடிச்சிருக்கே, அந்த மாதிரி. அதனாலதான் பார்கோடுன்னு சொல்றோம். ஒரு காலை எடுத்தாப் போதும், என்ன இனம்னு படிச்சுடலாம். உடம்பு குப்பிக்கே திரும்பப் போயிடும்."

"சரி, இப்ப என்ன வம்பு?"

"ஊருக்கு வெளியில ஒரு மலை. அங்க மட்டும்தான் ஒரு கறுப்புச் சிலந்தி இருக்குன்னு எங்க நிபுணர் முப்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்சார். அதுக்காகவே மலையில யாரும் கை வைக்கல. இப்ப கல் குவாரிக்காரங்க கேட்கிறாங்க. அது நெஜமாவே தனி இனமான்னு பார்க்க அவரே மலையில பிடிச்ச நாலு பெண் சிலந்தி என்கிட்ட வந்துச்சு. பார்த்தேன். தோட்டத்துல ஓடுதே சின்னதா, பழுப்பா ஒரு சிலந்தி, அதே இனம்தான். மலையில கறுப்பா, பெருசா வளருது, அவ்வளவுதான்."

முடிவை எழுதிக் கொடுத்த மறுநாள் அலமாரியைத் திறந்தால், அவள் எண் ஒட்டிய நாலு குப்பியிலும் சின்னப் பழுப்புச் சிலந்திகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் இல்லை. அவள் கவனமில்லாமல் தோட்டத்துச் சிலந்தியைப் படித்துவிட்டாள், அறிக்கை செல்லாது என்று பழி வந்து விழுந்தது.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட, இயக்குநர்கிட்ட, நிபுணர்கிட்ட."

"இயக்குநர்தான் அண்ணி! சந்தேகமே இல்ல!" என்று பட்டாசு எழுந்தே விட்டாள்.

"உட்காருடி. அந்த ஆளைப் பார்க்கவே இல்லையே நாம."

ஒரு மணிக்கு அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். இயக்குநர் சிலந்தி அறையின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. செத்த சிலந்தி என்றாலும் அவருக்கு உடம்பு கூசுமாம். பட்டாசின் முகம் வாடிவிட்டது.

அம்மாள் அந்த நாலு குப்பிகளையும், ஆய்வகக்காரி இந்த வருடம் படித்த மற்ற நாற்பது குப்பிகளையும் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார்.

"எந்தக் காலை எடுப்பீங்க?"

"மூணாவது வலது கால். இங்க எப்பவும் அதுதான். மத்த காலெல்லாம் முழுசா இருந்தாத்தானே பின்னால வர்றவங்க ஒப்பிட முடியும்?"

"இந்த நாலையும் நீங்களே பாருங்க."

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலிலும் போயிருந்தது மூன்றாவது இடது கால்.

"ஐயோ! அப்ப நான்தான் தப்புப் பண்ணிட்டேனா?"

"நாற்பதுல ஒண்ணுகூடத் தப்பாத கை இந்த நாலுல மட்டும் வரிசையாத் தப்புமா? காலை எடுக்கும்போது சிலந்தியை எப்படி வைப்பீங்க?"

"குப்புறத்தான். முதுகு மேல, தலை எனக்கு எதிர்ப்பக்கம்."

அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். என்னவென்று சொல்லாமல் ஆட்டியதில் ஆய்வகக்காரிக்கு எரிச்சலே வந்தது.

நாலு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். இயக்குநர் வாசலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். நிபுணரும் வந்தார். முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் அவரை 'எட்டுக்கால்' என்பார்கள், ஆனால் மரியாதையோடுதான். அம்மாள் ஒரு முழுச் சிலந்தியை அவர்முன் வைத்தார்.

"இது என்ன இனம் சார்?"

எட்டுக்கால் தூரிகையால் அதைச் சட்டென்று மல்லாத்தினார். "தோட்டத்துச் சிலந்தி. பெண். அடையாளம் அடிவயித்துலதான் இருக்கும்."

"அப்படியே அதோட மூணாவது வலது காலை எடுத்துக் கொடுங்க."

அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே இடுக்கியால் காலைப் பிடுங்கி வைத்தார். அம்மாள் சிலந்தியைக் குப்புறத் திருப்பி, "எந்தக் கால் போயிருக்கு?" என்று ஆய்வகக்காரியைக் கேட்டார்.

"இடது" என்றாள் அவள்.

"மல்லாத்திப் போட்டா அதோட இடது கால் நம்ம வலது கைப்பக்கம் வந்துடும். கால் எடுக்கிறது சாரோட வேலை இல்ல, அவருக்குப் பழக்கமும் இல்ல. அவர் கண்ணு பழகினது அடிவயித்தைப் பார்த்து. நாலு தோட்டத்துச் சிலந்தியைப் பிடிச்சு, வழக்கப்படி வலது காலைத்தான் எடுக்கிறோம்னு நினைச்சு எடுத்திருக்கார்." அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க கையால சேகரிச்ச சிலந்தியை நீங்க தூக்கி எறிஞ்சிருக்க மாட்டீங்க சார். எங்க வச்சிருக்கீங்க?"

எட்டுக்கால் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே நாலு கறுப்புச் சிலந்திகள். நாலுக்கும் மூன்றாவது வலது கால் இல்லை.

"அடப்பாவி!" என்றாள் பட்டாசு. யாரும் அவளை அடக்கவில்லை.

"அந்த மலைக்கு வேற காவல் இல்லம்மா" என்றார் அவர். "அறிக்கை செல்லாமப் போனா புதுசா சேகரிக்கணும். ஒரு வருஷம் கிடைக்கும். அதுக்குள்ள ஏதாவது வழி கிடைக்காதான்னு..."

"அதுக்கு என் தலைதானா கிடைச்சுது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"சொல்லியிருந்தா முடிவை மாத்தி எழுதியிருப்பியா?"

"மாட்டேன்." அவளுக்கு அழுகை பொங்கியது. "ஆனா சிலந்தி இல்லன்னாலும் மலை மலைதானேன்னு உங்க பக்கத்துல நின்னு சண்டை போட்டிருப்பேன். இனிமே உங்க பேச்சை யார் நம்புவாங்க? மலைக்காக வாயைத் திறக்க உங்களை விட்டா யார் இருந்தாங்க?"

எட்டுக்கால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அம்மா, உங்கமேல எந்தக் குத்தமும் இல்ல" என்று இயக்குநர் வாசலிலிருந்தே அறிக்கையை நீட்டினார். "இது இன்னிக்கே போய்ச் சேரணும். கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மலைச் சிலந்தி தனி இனம் அல்ல என்றிருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மலைப் பக்கமிருந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.