யானைகள் மிரண்ட சனிக்கிழமை

"எக்ஸ்கியூஸ் மீ பாஸ், இது நான் புக் பண்ண மேசை!"

பொம்மை வீரர்கள் நிறைந்த பெட்டியை அணைத்தபடி, மழையில் நனைந்து நின்றாள் பெர்னிஸ். பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடையின் மேல்மாடியிலிருந்த அந்த விளையாட்டுக் கடையில் மேசை ஒன்றுதான். அதில் ஏற்கெனவே யானைப்படையை அடுக்கிக்கொண்டிருந்தான் சுகுமாறன்.

"நானும் புக் பண்ணேன் லா..." என்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள்! கோபத்தில்கூட இவ்வளவு அழகா...

இருவருக்கும் சரியென்று தலையாட்டியிருந்த கடைக்காரர் இராமலிங்கம் அசடு வழிந்தார். "மழைல வேற யாரும் வரல. பெர்னிஸ், சுகு... ரெண்டு பேரும் சேந்து ஆடிருங்களேன்."

எந்த விதிப்படி ஆடுவது? அங்கேதான் வந்தது சண்டை. பழங்காலப் போரை மேசைமேல் நடத்த அவன் வைத்திருந்தது மெல்லிய விதிப்புத்தகம். பகடையில் விழும் எண்ணுக்கு ஏற்ப அத்தனை படைகளை நகர்த்தலாம், அவ்வளவுதான். அவளுடையது தலையணை கனம். அம்புக்கு ஓர் அட்டவணை, பயத்துக்கு ஓர் அட்டவணை.

"உங்க ரூல்ஸ்ல ஒரு யானை திரும்பறதுக்குள்ள நான் பந்திங் வரைக்கும் போய்ட்டு வந்துருவேன்!"

"உங்க ரூல்ஸ்ல பகடைல ஒன்னு விழுந்தா பாதிப் படை தூங்குது!"

கடைசியில் ஆளுக்கொரு ஆட்டம் என்று முடிவானது. அவன் விதியில் அவன் சட்டென்று ஜெயித்தான். அவள் விதியில்... அம்பு பட்ட அவனுடைய யானைகள், அட்டவணைப்படி மிரண்டு திரும்பி அவனுடைய தளபதியையே மிதித்தன.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது.

"இழுத்தடிக்கிற ரூல்ஸ்! இனிமே இதுல ஆடவே மாட்டேன்."

தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சே... அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை அவள் படியேறியபோது, அவன் முன்பே வந்து காத்திருந்தான்.

"சாரி," என்றாள் தயங்கி. "இன்னிக்கு உங்க ரூல்ஸ்லயே ஆடலாம். சீக்கிரம் முடிஞ்சிரும்."

அவன் முகம் வாடியது. "வேணாம்... உங்க ரூல்ஸ்லயே ஆடலாம்."

"இழுத்தடிக்குதுன்னு கோச்சிக்கிட்டுப் போனீங்களே?"

"அதான் வேணும்." காது நுனிவரை சிவந்தான். "என் ரூல்ஸ்ல ஆடுனா நீங்க சீக்கிரமா வீட்டுக்குப் போயிருவீங்க... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, பெர்னிஸ்."

அவள் இமைகளைத் தாழ்த்தி, கைப்பேசியை எடுத்தாள்.

"அம்மா... சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருக்காதீங்க." ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். "இன்னிக்கு லேட்டாகும்... ரொம்பவே லேட்டாகும்."