பெயர் எழுதாத பாத்திரம்

எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால், அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஊரே சமைத்துக் கொண்டுவந்து இறக்கிவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வடக்கே உள்ள சின்ன ஊர்களில் இதுதான் வழக்கம். பாத்திரங்கள் மாறிப் போகாமல் இருக்க, அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் பெயர் எழுதியிருப்பார்கள். சாப்பிட்டவர்கள் கழுவி, பெயரைப் பார்த்து, வீட்டுக்கே போய்த் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும்.

போலீஸ்காரர் ஹால்வர் இறந்தபோது பதினான்கு பாத்திரங்கள் வந்தன. ஊரில் மொத்தமே இரண்டு போலீஸ்காரர்கள்தான். ஹால்வர் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இன்னொருவரான டால்டன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

மாரிட்டுக்குப் பத்து வயது. ஹால்வர் அவளுடைய பெரியப்பா. பள்ளி விட்டதும் அவள் நேராக ஆர்டிஸ் பெரியம்மாவின் வீட்டுக்குத்தான் போவாள். இறுதிச் சடங்கு முடிந்ததிலிருந்து பெரியம்மா எங்கேயும் போவதில்லை. சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை.

"போனா ஆளாளுக்கு 'ஹால்வர் ரொம்ப நல்ல மனுஷன்'னு சொல்லுவாங்க. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா?" என்பார்.

பெரியம்மாவுக்கு ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று மாரிட்டுக்குத் தோன்றியது. சமையலறையில் பதினான்கு பாத்திரங்களும் அடுக்கியபடியே கிடந்தன. தொட்டி நிறைய வெந்நீர் பிடித்து, சோப்பு போட்டு, எல்லாவற்றையும் ஊறவைத்தாள். நல்ல வேலைதான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, டேப் எல்லாம் கழன்று நூடுல்ஸ் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. ஒன்றில்கூட எழுத்து இல்லை.

மாரிட் 'ஐயோ' என்று போட்ட சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்து பார்த்தார்.

"போச்சு! இனிமே வீடு வீடாப் போயி, 'இது உங்களுதா, உங்களுதா'ன்னு கேக்கணுமா? என்னால முடியாது மாரிட்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சடங்கின்போதுகூட அழாதவர்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் பெரியம்மா. நானே எல்லாத்தையும் சேத்துடுறேன்" என்றாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்ததில், பெரியப்பாவின் வேலை முறை ஒன்று நினைவுக்கு வந்தது. தெருவில் கண்டெடுத்த பொருட்களை அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், போலீஸ் காரின் பானெட்மேல் பரப்பி வைப்பார். கையுறை, சாவி, மூக்குக்கண்ணாடி என்று எதுவும் இருக்கும். ஒருமுறை ஒரு பல்செட்டும் இருந்தது. யாருடையது என்று கேட்கவே மாட்டார். அந்தப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பிப் பார்க்கும்போது பல்செட் போயிருக்கும். யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மாரிட் போலீஸ் நிலையத்துக்குப் போனாள்.

"எனக்கு உங்க கார் வேணும்" என்றாள்.

டால்டன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓட்டவா?"

"பானெட் மட்டும் போதும்."

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாதான் தன் காரில் பாத்திரங்களை ஏற்றி வந்தார். கண்ணாடிச் சாமான்களைப் பத்து வயதுப் பிள்ளை தூக்கி வர முடியாதே. ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை.

"எல்லாம் தீந்ததும் சொல்லு. போயிடலாம்."

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். போலீஸ் காரின்மேல் பாத்திரக்கடை விரித்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். லவோன் அத்தையும் அவருடைய தங்கையும் ஒரே வெள்ளைப் பாத்திரத்தில் கை வைத்தார்கள்.

"இது என்னுது. மூலையில விரிசல் இருக்கு பாரு."

"அந்த விரிசலப் போட்டதே நான்தான். என் பாத்திரத்துல!"

பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விட்ட வெள்ளைப் பாத்திரம் இருப்பதை மாரிட் காட்டிய பிறகுதான் இருவரும் ஓய்ந்தார்கள்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பழுப்பு நிறத்தில், கைப்பிடி உடைந்த பாத்திரம். கூட்டம் கலைந்துவிட்டது. சர்ச் வேலியோரம் வெர்லின் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குடித்துவிட்டு கார் ஓட்டியதற்காகப் பெரியப்பா அவரை இரண்டு முறை பிடித்து உள்ளே வைத்திருக்கிறார். அது ஊருக்கே தெரியும்.

மாரிட் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது.

"எடுத்துக்கலாமா பாப்பா?"

"எடுத்துக்கங்க. உங்க பேர நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

"நீ அழிக்கல. நான் எழுதவே இல்ல. என் பேரப் பாத்தா உங்க பெரியம்மா குப்பையில கொட்டிருவாங்களோன்னு பயம்."

"அப்புறம் ஏன் சமைச்சுக் கொண்டாந்தீங்க?"

வெர்லின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கையில் எடுத்தார்.

"ரெண்டாவது தடவ என்னைப் பிடிச்சது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலையில கதவத் திறந்துவிட்டு, 'சர்ச்சுக்குப் போறேன், வர்றியா'ன்னு கேட்டார். கடைசி வரிசையில பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டார். எனக்குக் காவல் இருக்காருன்னு ஊரே நெனச்சுது. காவலெல்லாம் இல்ல. பாட்டுப் புத்தகத்த ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிக்கிட்டு ரெண்டு பேரும் பாடினோம். அன்னிலேருந்து நான் குடிக்கிறதில்ல."

கார்க் கதவு திறந்தது. பெரியம்மா இறங்கி வந்தார். கண்ணாடி இறக்கியிருந்ததால் எல்லாமே அவர் காதில் விழுந்திருந்தது.

"அந்த மாக்கரோனி உன்னோடதா?"

"ஆமாக்கா. உப்புதான் கொஞ்சம்..."

"உப்பு ரொம்பத் தூக்கல். ஆனா அந்த வாரம் நான் ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டது அது ஒண்ணுதான். யாருன்னு அடியில தேடினேன். பேரக் காணோம்." பெரியம்மா சர்ச் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு எங்கூட உக்காரலன்னு ஒரு வாரம் அவர்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன். ஏன்னு மனுஷன் சொல்லவே இல்ல."

வெர்லினின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"இத இப்பத் தர மாட்டேன். காலிப் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எனக்கு இல்ல. புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு வா."

"மத்த பதிமூணையும் காலியாத்தானே குடுத்தோம்?" என்றாள் மாரிட்.

"நீ சும்மா இரு."

புதன்கிழமை பெரியம்மா வீட்டு அடுப்பு எரிந்தது. மாரிட் மூன்று தட்டுகள் வைத்தாள். வெர்லின் ஜெபம் முடித்து முள்கரண்டியை எடுக்கும் முன்பே பெரியம்மா கேட்டார்.

"அந்த ஞாயித்துக்கிழமையப் பத்தி மொதல்லேருந்து சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

வெர்லின் சொல்ல ஆரம்பித்தார். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதைக் கவனிக்கவே இல்லை.