எஃப்-ஒன் தனக்கொடி

தனக்கொடியால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள். கதவுக்குப் போனாள். மறுபடி ஜன்னல்.

“கால்ல சக்கரம் கட்டியிருக்கியா? உக்காருடி” என்றாள் வகுப்புத் தோழி மெரின்.

எப்படி உட்காருவது? இன்று பெற்றோர் நாள். பதினோரு மணிக்கு அம்மா வருவாள். பெரிய மார்க்கெட்டில் மீன் கூடையைப் பக்கத்துக் கடை அக்காவிடம் விட்டுவிட்டு, அரை மணி நேரத்துக்கு மட்டும் வருவாள். ஆறாம் வகுப்புத் தனக்கொடி கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பார்க்கத்தான்.

பள்ளிக்கு ஒரே கம்ப்யூட்டர். நன்றாக மார்க் வாங்குகிறவர்களுக்கு அரை மணி நேரம், மற்றவர்களுக்குப் பத்து நிமிடம். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. அந்தப் பத்துப் பத்து நிமிடத்தில் ஏழு வெள்ளிக்கிழமை வரைந்த படம் அது.

தனக்கொடிக்கு அந்த அறையில் இன்னொரு வேலையும் உண்டு. கம்ப்யூட்டர் சொல்லித்தரும் அரிகிருஷ்ணன் சார் அறையை விட்டுப் போகும்போதெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். காலையிலும், சாப்பாட்டுக்குப் பிறகும் கம்ப்யூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையில் எழுத்து வரும்: ‘தேதி தவறு. எஃப்-ஒன் அழுத்தவும்.’ அவள் அழுத்துவாள். உள்ளே தேதி 2000 ஜனவரி ஒன்று என்று இருக்கும். அன்றைய தேதிக்கு, 2005க்கு மாற்றுவாள். மற்ற பிள்ளைகளுக்கு இந்த வேலை அலுத்துவிட்டது. அவளுக்கு ‘எஃப்-ஒன்’ என்று பட்டப்பெயர் வைத்ததோடு சரி.

இன்று காலையும் அழுத்தினாள். வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

நேற்று யாரோ சிடி போட்டுக் கார் ரேஸ் விளையாடியிருந்தார்கள். எனவே கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கேட்கும்படி ஒரு பாஸ்வேர்டு வைத்தார்கள். முதல் பாதியைச் சார் தட்டினார். அப்போது தலைமையாசிரியை ஸ்டெல்லாமேரி மேடம் சுவரைப் பார்த்தார். அடுத்த பாதியை மேடம் தட்டினார். அப்போது சார் சுவரைப் பார்த்தார்.

“பேங்க் லாக்கருக்கு ரெண்டு சாவி மாதிரி” என்று சார் பெருமைப்பட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேடம் கோரிமேட்டுக்குக் கிளம்பிவிட்டார். அண்ணியை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சோதித்துப் பார்ப்போமே என்று சார் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டார். அது பாஸ்வேர்டு கேட்டது. பாதிதான் கையில் இருந்தது.

மணி பத்து. மேடத்தின் செல்போன் அணைந்திருந்தது.

“சார், மெயினை அணைச்சிட்டு விட்டுடுங்க” என்றாள் தனக்கொடி.

“அணைச்சா?”

“அதுக்கு மறதி சார். சாப்பாட்டு நேரம் முக்கா மணி அணைச்சா தேதியை மறந்துடுது. இன்டர்வல் பத்து நிமிஷத்துக்கு மறக்கல. தேதியை மறக்கறது பாஸ்வேர்டையும் மறக்காதா?”

“செல் போயிடுச்சு” என்று சார் முனகினார். “தேதிய ஞாபகம் வெச்சுக்க உள்ள சின்னதா ஒரு பேட்டரி செல் இருக்கு. மாத்தணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன்.” திடீரென்று நிமிர்ந்தார். “எல்லாத்தையும் மறந்தா உன் படமும் போயிடுமேடி?”

தனக்கொடி யோசித்தாள்.

“போவாது சார். தினம் தேதி போவுது. படம் போனதே இல்ல. அது வேற எடத்துல இருக்குது.”

சார் மெயினை அணைத்தார்.

பத்து இருபதுக்கு, “போட்டுப் பாக்கலாமா?” என்றார்.

“வேணாம் சார். முக்கா மணி ஆவட்டும்.”

பத்து முப்பதுக்குச் சாரின் கை சுவிட்சுப் பக்கம் போனது. தனக்கொடி சுவரோடு ஒட்டி, சுவிட்சை மறைத்து நின்றுகொண்டாள். அன்று காலையில் அவள் அசையாமல் நின்ற ஒரே இடம் அதுதான்.

“சாரையே தடுக்குறா பாரு” என்றாள் மெரின்.

“நீ சும்மா இரு” என்றாள் தனக்கொடி.

பத்து ஐம்பத்தைந்துக்கு அம்மா வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள். “மேல மீன் நாத்தம் சார். இங்கியே நிக்கிறேன்.”

“இன்னும் போடலம்மா” என்றார் சார். அவருக்கு வியர்த்திருந்தது.

தனக்கொடி நகர்ந்தாள். சார் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரை. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

‘தேதி தவறு. எஃப்-ஒன் அழுத்தவும்.’

பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை.

“எஃப்-ஒன், ஓடியா” என்று மெரின் கத்தினாள். முதல்முறையாக அந்தப் பெயர் தனக்கொடிக்குக் கசக்கவில்லை. அழுத்தினாள். படம் அப்படியே இருந்தது: நீலக் கூடை, வெள்ளி மீன்கள், பச்சைப் புடவையில் அம்மா.

சார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து திரைக்கு எதிரே போட்டார். “இங்க வந்து உக்காரும்மா.”

அம்மா உட்கார்ந்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

“எல்லாம் சரிடி. அருவாமணை எங்க? மீனைக் கையாலயா அரியறேன்?”

தனக்கொடி மவுஸைப் பிடித்தாள். “இருமா, இப்பவே போடறேன்.”

அன்று பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.