தூக்கிப் போடாத ஷூக்கள்

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து காலியான மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“தூக்க மாத்திரை. என் தம்பி வீட்டுக் குப்பையில கிடந்துச்சு. தம்பி பொண்ணுக்குப் பதினொரு வயசு. குடிச்சவ மாதிரி தள்ளாடுறா, நாக்கு குழறுது. யார் வேலைன்னு நான் சொல்லணுமா?”

“சொல்லுங்க,” என்றார் துப்பறிபவர்.

“அவ சித்தி. மருந்துக்கடையில வேலை. பிள்ளையைக் கண்டாலே வயிறு எரியுது அவளுக்கு. மறைக்கக்கூட இல்லை. பிள்ளை லீவுக்கு ஒரு மாசம் என் வீட்டுல இருந்தா, ஒரு தடவை விழல. இன்னைக்குச் சாயங்காலம் தம்பி அந்தச் சித்தியை வெளியே அனுப்பப் போறான். அப்புறம் போலீஸ். அதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சொல்லணுமாம். அவனுக்கு எப்பவும் மனசு இளகிடும்.”

துப்பறிபவர் காப்பீட்டு நிறுவனத்தில் பல வருடம் விபத்துக் கோரிக்கைகளை விசாரித்தவர். யார் எப்படி விழுந்தார் என்று பார்ப்பதே அவர் பிழைப்பாக இருந்தது. இப்போது உதவிக்கு மனைவியின் தம்பி இருந்தான். அவன் அதற்குள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

வந்தவளுடைய தம்பியின் வீடு அவர் நடத்தும் ஷூ கடைக்கு மேலே இருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டுச் சிறுமி படியில் இறங்கி வந்தாள். கால்களை அகல வைத்து, பார்வையைப் பாதங்களிலேயே வைத்து இறங்கினாள். படி திரும்பும் இடத்துக்கு அவள் வருமுன்பே, கூட வந்த அத்தையின் கை அவளுடைய இடது முழங்கைக்கு நீண்டுவிட்டது. துப்பறிபவர் அந்தக் கையைப் பார்த்தார்.

“உன் பேரு?”

“ஸ்கூல்ல பம்பரம்னு கூப்பிடுவாங்க.” ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசினாள். “நான் குடிக்கிறதில்லை அங்கிள். முதல்லயே சொல்லிடுறேன்.”

மாடிக் கூடத்தில் சுவரோரம் ஒரு பெட்டி தயாராக நின்றது. பக்கத்தில் சித்தி. எதிர்ச்சுவரில் முதல் மனைவியின் பெரிய புகைப்படம். கடைக்காரர் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

உதவியாளன் சமையலறையிலிருந்து ஒரு தம்ளரோடு வந்தான். “மாமா, பிள்ளைக்கு வச்ச பால். லேபுக்கு அனுப்பலாமா?”

“நீயே குடிச்சுட்டுச் சொல்லு, மாப்ளே.”

அவன் உண்மையாகவே குடித்துவிட்டான்.

துப்பறிபவர் கடைக்காரரிடம் திரும்பினார். “பொண்ணு எங்கெங்க விழுவா?”

“எப்பவாவது... ஷூ சரியில்லைன்னா விழுவா. உடனே புதுசு மாத்திடுவேன். எதைப் போட்டாலும் மேல்பக்கம் அழுத்துதுங்கிறா. நல்லா வளைஞ்ச பாதம். முன்னெல்லாம் இப்படி இல்லை. வளர வளர அவ அம்மா அழகு வருது.”

“நீங்க சொல்லுங்கம்மா.”

சித்தி அவரை நேராகப் பார்த்தாள். “முகத்துக்குச் சோப்புப் போடும்போது விழுவா. கண்ணை மூடினதும் சாய்வா. கரண்ட் போனா நின்ன இடத்துலயே உக்காந்துடுவா. போன வருஷம் பொத்தானைத் தானே போட்டா, இப்ப என்னைக் கூப்பிடுறா. சட்டைக்கு அளவெடுத்தா ஒரு தோள் ஏறி நிக்குது.”

“நிறையக் கவனிச்சிருக்கீங்க.”

“இந்த வீட்டுல எல்லாரும் அவளையே பாக்குறாங்க. நானும் பாத்தேன், என்ன தப்புப் பண்றான்னு. பொறாமைதான். அதுக்கென்ன இப்போ? எனக்கு ஒரு ஜோடி ஷூ கேட்டா ஆறு மாசம். அவளுக்கு மாசம் ஒரு ஜோடி. ஒருநாள் அத்தனையையும் இவர் முன்னாடி கொட்டணும்னு பழசையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.”

“இப்பவே கொட்டுங்க,” என்றார் துப்பறிபவர்.

அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து ஷூக்களை அளவு வாரியாக வரிசையாக வைத்தார். பெரியவற்றில் முன்நுனியும் வெளி ஓரமும் தோல் கிழியும்வரை தேய்ந்திருந்தன. சின்னதாகச் சின்னதாகத் தேய்மானம் குறைந்தது. எல்லாவற்றிலும் சின்ன ஜோடியின் நுனியில் கையால் தைத்த தோல் ஒட்டு.

“இது யார் வாங்கினது?”

“அவ அம்மா,” என்றாள் சித்தி. “நான் வந்தப்பவே கிடந்துச்சு. தூக்கிப் போடக் கை வரல.”

கடைக்காரர் தரையில் மண்டியிட்டு அந்த ஒட்டைத் தொட்டார். “இது அவ தையல்.”

“அவங்க இறந்து?”

“மூணு வருஷம்.”

“அப்ப மூணு வருஷத்துக்கு முன்னாடியே இவ காலைத் தேய்ச்சு நடந்திருக்கா. இந்தம்மா அப்ப இந்த வீட்டு வாசலையே பாக்கல.” அவர் அத்தையைப் பார்த்தார். “உங்க வீட்டுலயும் விழுந்திருக்கா. படி திரும்புற இடத்துல உங்க கை தானா நீளுது. ஒரு தடவையாவது பிடிக்காம விட்டிருந்தாத்தான் அந்தப் பழக்கம் வரும்.”

அத்தை அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “ரெண்டு தடவை,” என்றாள் கடைசியில். “என் வீட்டுல விழுந்தான்னு சொன்னா இவ சிரிப்பாளே.”

“அந்த அட்டை?” என்றான் உதவியாளன்.

“என்னோடது,” என்றாள் சித்தி. “டாக்டர் எழுதிக் குடுத்தது. அவர் ராத்திரி அந்தப் போட்டோகிட்ட பேசிக்கிட்டிருந்தா பக்கத்து ரூம்ல எனக்கு எப்படித் தூக்கம் வரும்?”

கடைக்காரர் அந்தத் தோல் ஒட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

துப்பறிபவர் சிறுமியைக் கூப்பிட்டார். “காலைச் சேர்த்து நில்லு, பம்பரம். இப்பக் கண்ணை மூடு.” மூடியதும் அவள் சாய்ந்தாள். உதவியாளன் பாய்ந்து பிடித்தான்.

“மாத்திரை தள்ளாட வைக்கும். நாக்கையும் குழற வைக்கும். ஆனா பாதத்தை வளைக்காது, தோளை ஏத்தாது. கால் எங்க இருக்குன்னு நரம்பு மூளைக்குச் சொல்றதில்லை. அந்த வேலையைக் கண்ணு செய்யுது. கண்ணை மூடினா, வெளிச்சம் போனா, விழுறா. இந்த மாதிரி ஒரு பையனை ஒரு விபத்துக் கோரிக்கையில பாத்திருக்கேன். அட்டாக்சியாங்கிற நரம்பு நோய்னாங்க. பிறவியிலேயே வர்றது, சின்ன வயசுல தலைகாட்டும். நான் டாக்டர் இல்லை. நரம்பு டாக்டர்தான் உறுதியாச் சொல்லணும். இது இதயத்தையும் தொடுமாம், அதையும் பாக்கச் சொல்லுங்க.”

“குணமாகுமா?” என்றார் கடைக்காரர்.

“வேகத்தைக் குறைக்கப் பாப்பாங்க. விழாம நடக்கப் பழக்குவாங்க. முழுசா ஆகும்னு என்னால பொய் சொல்ல முடியாது.”

“அவ அம்மா வழியா?” என்றாள் அத்தை அவசரமாக.

“அந்தப் பையனுக்குச் சொன்னது, அம்மாகிட்ட ஒரு பங்கு, அப்பாகிட்ட ஒரு பங்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் வரும். ஒண்ணு மட்டும் இருக்கிறவங்க தெரியாமலே வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க.”

அத்தை அப்போதுதான் உட்கார்ந்தாள்.

“என்கிட்ட அவ சொல்லவே இல்லையே,” என்றார் கடைக்காரர், ஒட்டைப் பார்த்தபடி.

“ஓட்டையைப் பாத்தாங்க, தைச்சாங்க. அதுக்கு மேல அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

கடைக்காரர் எழுந்தார். “நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.”

“எப்ப ஆரம்பிச்சுது, எது முதல்ல வந்துச்சுன்னு டாக்டர் கேப்பாரு. சொல்லிடுவீங்களா?”

அவர் தரையிலிருந்த ஷூ வரிசையைப் பார்த்தார்.

“சித்தி வரட்டும்ப்பா,” என்றாள் சிறுமி. “நீங்க அங்க வந்து அழுவீங்க.”

“எனக்கு லீவு கிடைக்குதான்னு கேக்கணும்,” என்றாள் சித்தி. குரல் கடுமையாகத்தான் இருந்தது. “இவ அழ வைக்கிறதுல கெட்டிக்காரி, டாக்டரையும் அழ வச்சுடுவா.”

“உங்களைத் தவிர,” என்றாள் சிறுமி.

கடைக்காரர் மகளிடம் கையை நீட்டினார். அவள் தரையைப் பார்த்தபடி அதைத் தாண்டிப் போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நிற்க, அவர் மனைவியைப் பார்த்தார். அது என்ன பார்வை என்று சித்திக்கு உடனே தெரிந்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பொறாமைப் பார்வைதான்.