விரல் பட்ட தகடு

விரலின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட துண்டு மட்டும் கழலவில்லை.

பிடுங்கிய பற்களில் ஒட்டிப் பார்த்த ஐந்து உலோகத் துண்டுகளில் நான்கு, இடுக்கி பட்டதுமே உதிர்ந்துவிட்டன. உலோகத்துக்கும் பல் ஒட்டுகிற ரெசின் சிமென்ட்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது பல் டாக்டருக்குத் தெரியாததா? மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கிய பரப்பை வெறும் கையால் தொடக் கூடாது. தொட்டால் பிடிப்பு போச்சு. ஐந்தாவதை அவர் மறந்துபோய்த் தொட்டிருந்தார். அதுதான், மூச்சைப் பிடித்து இழுத்தும் இம்மி அசையவில்லை. இளஞ்சூடாக வேறு இருந்தது.

நாற்காலியில் அக்கா காத்திருந்தாள். அவளுடைய பொய்ப்பல்லைத் தாங்கும் உலோகத் தகடு மூன்று முறை கழன்றுவிட்டது. மூன்றாம் முறை தூக்கத்தில் தொண்டைக்குள் இறங்கி, முகம் நீலம் பாரித்து, போன உயிர் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அவள் பிழைக்கமாட்டாள்.

"ஊருக்கெல்லாம் பல் கட்டுற, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் நிக்கமாட்டேங்குது. பொக்கை வாயோட எப்படிடா பாடம் நடத்துறது?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "தூங்கவே பயமா இருக்குடா தம்பி."

"இந்தத் தடவ நிக்கும்க்கா."

கையுறையைக் கழற்றினார். தப்பு என்று தெரிந்தே, தகட்டின் உட்புறத்தை விரலால் அழுத்தித் தேய்த்தார். வேறு வழி தெரியவில்லை.

சிமென்ட் வைத்து, தகட்டைப் பொருத்தி, அதை இறுக வைக்கும் நீல விளக்கைக் காட்டியபோது, ஸ்பிரிட்டும் கிராம்பு எண்ணெயும் மணக்கும் அந்த அறையில், வெளியே மதிய வெயிலில் போகிற வண்டிகளின் இரைச்சலுக்கு அடியில், வெந்நீரில் விழுந்த பனிக்கட்டியைப் போல ஏதோ மெல்ல நெரிந்தது. அக்காவின் வாய்க்குள்ளிருந்துதான்.

இரண்டு விரல்களால் பிடித்து இழுத்துப் பார்த்தார். கழலவில்லை. அப்பாடா என்றிருந்தது.

விரலை எடுக்கப் போனார். வரவில்லை.

"வாயத் திற அக்கா."

கீழ்த்தாடை மேலேறியது. அவள் ஏற்றவில்லை, இரண்டு கைகளாலும் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். உதடுகள் மூடின. அவர் காலை ஊன்றி இழுத்தார். அக்காவின் தலையும் கூடவே வந்தது.

உதடுகள் சேர்ந்த கோடு ஓரத்திலிருந்து மறைந்தது. தோல். வெறும் தோல். அவர் விரல்களைச் சுற்றியும்.

"அக்கா. மூக்கால மூச்சு விடு. மூக்கால."

விட்டாள். ஒரு நாசித் துளை சுருங்கியது. மூடியது.

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

மற்றதும் சுருங்கத் தொடங்கியது.