இனி தேவைப்படாதவை

இரண்டு வாரங்களாக, கணினி காட்டும் அந்தப் பட்டியலில் வீட்டுச் சாமான்களும் சேர்ந்து வந்தன.

வெள்ளிக்கிழமை பிற்பகல். மழை மூட்டத்தில் அறை இருண்டிருந்தது. பழைய கணினியின் விசிறி ஓயாமல் இரைய, சூடேறிய தூசியின் வாசம் மூக்கில் ஏறியது. அவள் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள். அந்தக் கணினியில் இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் மகன்.

"ஊர் பேர் தெரியாதவங்க இதைக் கூலி வாங்காம திருத்தி அனுப்புறாங்கம்மா. வாரம் ஒரு தடவை அப்டேட் பண்ணிடு. பாதியில மட்டும் நிறுத்திடாத, எல்லாமே போயிடும்" என்று சொல்லியிருந்தான். அவன் விபத்தில் போய் எட்டு மாதம். அவன் சொல்லில் அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரு வாரமும் தவறவிடவில்லை.

ஒவ்வொரு முறையும் முடிவில் கணினி ஒரு பட்டியல் காட்டும். இவற்றை நம்பி வேறெதுவும் இல்லை, இனி தேவைப்படாது, நீக்கலாமா? முன்பெல்லாம் புரியாத நிரல்களின் பெயர்கள் வரும். பிறகு ஒரு வாரம், நீலக் குடை. அடுத்த வாரம், மகனின் மழைச் செருப்பு. கண் மங்கித் தப்பாகப் படித்துவிட்டோம் என்று 'ஆம்' சொன்னாள். மாலையில் பார்த்தால் குடை இல்லை. செருப்பும் இல்லை. கணவர்தான் தூக்கி எறிந்திருப்பார் என்று மனம் கசந்தாள், கேட்கவில்லை. மகன் போன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு துக்கங்கள் தனித்தனியாகத் தட்டு கழுவிக் கவிழ்த்தன.

இன்று படிக்காமலே 'ஆம்' அழுத்தினாள்.

பக்கத்து அறையில் கணவரின் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏம்மா." எட்டு மாதத்தில் முதல் தடவை. "காபி போடட்டுமா, ரெண்டு பேருக்கும்? சர்க்கரை டப்பா எங்கன்னு நீதான் சொல்லணும். இந்த வீட்ல நான் விருந்தாளி மாதிரி ஆயிட்டேன்."

எழுந்து போயிருக்கலாம். மனிதரோடு மனிதரைக் கட்டிவைப்பது அவ்வளவு சின்ன உபகாரம்தான்.

"இருங்க, இது முடியட்டும். பாதியில விடக் கூடாதாம். பையன் சொல்லியிருக்கான்."

"அவன் சொன்னா சரிதான்." அவர் இருமிக்கொண்டே சிரித்தார். "முடிஞ்சதும் கூப்பிடு."

அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தாள்.

பக்கத்து அறையும் அதில் இருப்பவரும். நீக்கப்படுகிறது: பன்னிரண்டு சதவீதம்.

கை சுவிட்சுக்குப் போனது. நின்றது. பாதியில் நிறுத்தினால் எல்லாமே போய்விடும். மகன் சொன்னது. அவன் சொல்லில் மிஞ்சியது. நாற்பது. அடுத்த அறையில் ஓர் இருமல் பாதியில் அறுந்தது. கடவுளே. எழுபது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்னங்க! சர்க்கரை மேல் தட்டுல! மேல் தட்டுல இருக்குங்க!"

கூடத்துக்கு ஓடினாள்.

பக்கத்து அறைக் கதவு இல்லை.

சுவர். பழைய பூச்சு, பழைய விரிசல், மூலையில் ஒட்டடை. என்றைக்குமே அங்கே இருந்த சுவர் போல. இரண்டு உள்ளங்கைகளையும் அதில் பதித்தாள். வெதுவெதுப்பு. காதை ஒட்டினாள்.

வெகு தூரத்திலிருந்து, பொறுமையாக, கோபமே இல்லாமல், அவர் குரல்:

"முடிஞ்சிடுச்சாம்மா?"