உள்ளே ஆள் இருக்கு

ஏழாவது வார்டுக்கு வந்தவர்கள் யாரும் நடந்து திரும்பியதில்லை. அது ஒன்றும் ரகசியமில்லை. இனி குணமாகாது என்று மற்ற வார்டுகள் கைவிட்டவர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே எங்கள் வேலை. நான் அங்கே அட்டெண்டர். ராத்திரி வேலை ஒத்துவராமல், கெஞ்சிக் கூத்தாடிப் பகலுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பயமெல்லாம் ராத்திரிக்குத்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

லிஃப்ட்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். உடம்பு ஈரத்துணி மாதிரி துவண்டிருந்தது. கைகள் மட்டும் இன்னும் வேலைக்காரனின் கைகள். நகக்கண்ணில் எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ் கறுப்பு.

ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்து, தலைப்பக்கத்தை உயர்த்துவதற்காகக் கைப்பிடியைச் சுற்றினேன். அவருடைய வலது ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் தட்டியது. டக். டக். டக்.

நான் நிறுத்தினேன். அவர் மனைவி சிரித்துவிட்டார்.

"நல்லவேளை நிறுத்துனீங்க தம்பி. மூணு தட்டுனா உள்ள ஆள் இருக்கு, லிஃப்ட்டை நகர்த்தாதேன்னு அர்த்தம். மேல நிக்கிற கூட்டாளிக்கும் கீழே குழிக்குள்ள நிக்கிற இவருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு."

"அப்போ எப்ப நகர்த்தலாம்?"

"ரெண்டு தட்டுனா வெளிய வந்துட்டேன்னு அர்த்தம். வீட்லயும் இதே கூத்துதான். பாத்ரூம் கதவைத் தட்டினா உள்ளேருந்து மூணு தட்டு வரும். வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடும் பாருங்க."

லிஃப்ட்காரர் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டோரம் மட்டும் கொஞ்சம் கோணியது. இரண்டு தட்டினார். நான் கட்டிலை உயர்த்தினேன்.

வியாழக்கிழமை அவருக்கு நினைவு இல்லை. மருந்து வாடையையும் மீறி, உடம்பு அணைந்துகொண்டிருக்கும் அந்த இனிப்பு வாடை வர ஆரம்பித்திருந்தது. அது வந்தால் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை. வெளியூரில் இருந்த ஒரே மகள் கிளம்பியிருந்தாள். அப்பாவும் மகளும் பேசி ஆறு வருடம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாலு மணிக்கு வந்துவிடுவாள் என்றார் அந்த அம்மா.

"அவ வர்ற வரைக்கும் இவரை விட்டுடாதீங்க தம்பி."

"சரிம்மா" என்றேன். அந்த வார்டில் எல்லோரும் கேட்பது அதைத்தான். எல்லோருக்கும் நான் சொல்வதும் அதே சரிதான்.

சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. திரையைத்தான் பார்க்கிறார்கள். நாடித்துடிப்பைக் காட்டும் எண் இருக்கும்வரை ஆள் இருக்கிறார் என்று ஒரு நம்பிக்கை. அந்த அம்மா இடப்பக்கம் உட்கார்ந்து, கணவரின் இடது கையைப் பிடித்தபடி, நாற்பத்தாறு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வலப்பக்கம் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தேன். நாடியைத் திரைக்கு அனுப்பும் கிளிப் அவருடைய வலது கை விரலில்தான் மாட்டியிருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு லிஃப்ட்காரர் மூச்சை விட்டார்.

திரும்ப இழுக்கவில்லை.

மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். திரையில் நாற்பது. முப்பத்தொன்று.

கிளிப் சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதை எங்கள் விரலில் மாட்டிப் பார்ப்போம். ஒரு நாளைக்குப் பத்து முறை செய்கிற காரியம். யோசித்துச் செய்தேன், இரக்கப்பட்டுச் செய்தேன் என்றெல்லாம் சொன்னால் பொய். கை அதுவாகப் போர்வைக்குள் போனது. அவர் விரலிலிருந்து கழற்றி, மானிட்டர் அலறும் முன் என் விரலில் மாட்டிக்கொண்டது.

என் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எண் நூறைத் தாண்டும், மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று நினைத்தேன்.

நாற்பத்தாறு.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போர்வைக்குள் என் கையும் அவர் கையும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று குளிர்ந்துகொண்டே வந்தது.

"கை சில்லுன்னு இருக்கே தம்பி."

"ஏசிம்மா."

அந்த அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிடித்த கையை விடவில்லை. ஜன்னலில் வெயில் வெள்ளையாக அடித்தது. வெளியே யாரோ ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவ்வளவு சாதாரணமான மத்தியானம்.

மூன்றரை இருக்கும்.

டக். டக். டக்.

கட்டில் கம்பியில், வலப்பக்கம்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "கேட்டுச்சா? இருக்கார்."

போர்வைக்குள் அவர் கை அசையவில்லை. என்னால் அதை உணர முடிந்தது, கட்டை மாதிரி கிடந்தது. கம்பியில் தட்டியது கிளிப்பின் பிளாஸ்டிக். கிளிப் இருந்தது என் விரலில்.

நான் தட்டவில்லை.

கழற்றிவிடலாம் என்று இடது கையைக் கொண்டுபோனேன். கழற்றினால் மானிட்டர் அலறும். மகள் இன்னும் வரவில்லை. அந்த அம்மா என்னையே பார்த்தார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

மகள் நாலு பத்துக்கு வந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. குனிந்து, காதோடு வாய் வைத்துப் பேசினாள். இரண்டடி தூரத்தில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அது இங்கே எழுதுவதற்கில்லை.

அவள் பேசப் பேச எண் ஏறியது. ஐம்பத்தெட்டு. எழுபத்திரண்டு. எண்பத்தொன்பது. நான் இடது கையை என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன்.

அதே வேகம்.

அவள் பேசி முடித்ததும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கு அழுகையே வரவில்லை. கண் மட்டும் அழுதது.

முகம் கழுவிக்கொண்டு வரச்சொல்லி இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கிளிப்பைக் கழற்றி மெத்தைமேல் போட்டேன். மானிட்டர் அலறவில்லை. வெறும் காற்றைக் கவ்விக்கொண்டிருந்த கிளிப்புக்கு எண் ஓடியது. நாற்பத்தாறு.

சிஸ்டர் வந்து அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னப்பா இது, விறைச்சுப் போயிருக்கு. இப்ப போன ஆள் இல்லையே."

சிஸ்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மானிட்டரின் ஒயரைப் பிடுங்கினார். டாக்டர் நாலரை மணி என்று எழுதினார்.

"நான் வர்ற வரைக்கும் காத்திருந்தாரும்மா" என்று மகள் அழுதாள். அந்த அம்மா என் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே வேலையை விட்டேன்.

விரல் என்னை விடவில்லை. பஸ் கம்பியில், டம்ளரில், தலையணையில். மூன்று தட்டு. எப்போதும் மூன்றுதான். நாலு மாடி ஓடி ஏறிவிட்டுப் பார்த்தாலும் நாடி நாற்பத்தாறு. "இவ்வளவு நிதானமா அடிக்குதே, விளையாட்டு வீரரா நீங்க?" என்று கேட்டார் ஒரு டாக்டர்.

மூன்றாவது மாதம் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். மாடியில் சின்ன வீடு. என்னை உட்காரச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் மேஜையில் தட்டியது.

டக். டக். டக்.

"வர்றேன், வர்றேன். ஒரு நிமிஷம் பொறுக்காதே உங்களுக்கு" என்றார் உள்ளேயிருந்து. விருந்தாளியிடம் பேசும் குரல் இல்லை அது.

பிறகு அடுப்படியில் எந்தச் சத்தமும் இல்லை. வாசற்படியில் வந்து நின்று என் விரலைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு ஐம்பதிலிருந்து.

"தெரியும் தம்பி" என்றார். "அவர் கை என் கையிலதானே இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"விட்டுடாதீங்கன்னு கேட்டது நான்தானே."

"இப்ப நீங்களே சொல்லுங்கம்மா. வெளிய வந்துடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பார்."

என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். டீ பொங்கி வழிந்து, அடுப்பில் தீயும் வாடை வந்தது. அவர் அசையவில்லை.

"சூடா இருக்கு" என்றார். கையை விடாமல், "நாளைக்கும் வாங்க. இதே நேரத்துக்கு."

என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிம்மா" என்றுதான் வந்தது.

படியிறங்கும்போது நின்றேன். இடது கையால், என் கையால், கைப்பிடிக் கம்பியில் தட்டினேன். டக். டக். வெளியே வந்தாயிற்று, இனி நகர்த்தலாம்.

காத்திருந்தேன்.

வலது கையிலிருந்து பதில் வந்தது. மூன்று.